லீஸ் வேறு, லைசென்ஸ் வேறு



மும்பையில் மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாடகைக்கு வரும் நம் தமிழர்கள் பலர் ‘லீஸ்’, ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ இரண்டையும் ஒன்றென்று நினைத்தே கையெழுத்திடுகிறார்கள். லீஸ் என்றால் வீட்டின் மேல் ஓர் உரிமை உண்டு. லைசென்ஸ் தங்கிக்கொள்ள அனுமதி மட்டுமே. ‘பகடி’ எனப்படும், முன்தொகை கொடுத்துக் குடியேறும் பழைய வாடகை முறையில் இருப்பவருக்குள்ள பாதுகாப்பு லைசென்ஸில் கிடையாது. கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால், 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் கட்டணத்தைப் போல் இரட்டிப்புத் தொகை கட்ட நேரிடும். அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு நமக்குச் சாதகமானது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. செய்யாவிட்டால், நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, செல்லும்.

லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்றை மும்பைத் தமிழ் அமைப்புகள் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். தாராவியை விட்டு முதன்முதலாக வெளியே வீடு பார்க்கும் குடும்பங்களுக்கு அது உடனடித் தேவை.

ஒரு வாசகி,
செம்பூர், மும்பை