சேவை என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள்

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்த மறுநாள் நம் தமிழ் நாளிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். சிறப்புத் தேர்ச்சி பெற்ற மாணவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். படத்திற்குக் கீழே பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: மருத்துவராகிச் சமுதாயத்திற்குச் சேவை செய்ய விரும்புகிறார். இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது தெரியாததல்ல. தோட்டத்தில் காய்ச்சல் கண்டால் டிரெஸர் கொடுக்கும் மருந்துத் தண்ணீரை நம்பியிருந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பேரப்பிள்ளையின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குவதைப் பார்க்க அவர்கள் ஆசைப்பட்டதில் தவறே இல்லை.

ஆனால், படம் வெளிவந்து ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை என்ன ஆனார் என்று யாரும் எழுதுவதில்லை. நாமும் கேட்பதில்லை.

என் அக்காவின் படமும் அப்படி ஒருமுறை வந்தது. அம்மா அதை வெட்டி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். 2021ஆம் ஆண்டில் அக்கா கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தார். அந்த ஜூலை மாதத்தை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலை 25ஆம் நாள் நாட்டில் கோவிட் தொற்றுக்கு ஆளானவர்களின் மொத்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. மறுநாள் காலை 11 மணிக்கு நாட்டின் பல அரசாங்க மருத்துவமனைகளில் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றார்கள். 'ஹர்த்தால் டோக்டர் கொன்ட்ராக்' என்று அதற்குப் பெயர். நோயாளிகளைச் சக மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அக்காவும் சில நிமிடங்கள் நின்றுவிட்டு மீண்டும் வார்டுக்குப் போனார்.

இரவு பத்து மணிக்கு அக்கா வீட்டுக்கு வந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த படம் அம்மாவின் கையில் இருந்தது.

"ஜனங்க உயிருக்குப் போராடற நேரத்துல அட்டையத் தூக்கிட்டு நிக்கிறதுக்கா உன்னப் படிக்க வெச்சோம்?"

அக்கா பதில் சொல்லவில்லை. குளித்தார், மெகி மீ சாப்பிட்டார், படுத்துவிட்டார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. நானும் அம்மாவின் பக்கம்தான் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிறகுதான் விவரம் தேடிப் படித்தேன். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கும் முறை வந்தது. 30க்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகள் இந்நாட்டில் பெருகின. வெளிநாட்டில் படித்தவர்களும் திரும்பி வந்தார்கள். நிரந்தரப் பணியிடங்கள் மட்டும் அதற்கேற்ப வளரவில்லை. அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம் நம்மவர், தாமும் ஒரு மருத்துவர். தேங்கி நின்ற பட்டதாரிகளுக்கு வேறு வழி இல்லை என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தற்காலிக வழி நிரந்தரமாகிவிட்டது. 2021 மே மாதம் வரை ஒப்பந்தத்தில் நியமிக்கப்பட்ட 23,077 மருத்துவ அதிகாரிகளில் நிரந்தரமாக்கப்பட்டவர்கள் 789 பேர்.

அதே வார்டு, அதே வேலை. ஆனால் அன்றைக்கு ஒப்பந்த மருத்துவருக்கு நிபுணத்துவப் படிப்புக்கான அரசாங்க உபகாரச் சம்பளம் இல்லை. "சேவைன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி, லோன் கேட்டா பேங்க்ல மட்டும் காண்ட்ராக்ட் எப்ப முடியுதுன்னு கேக்கறாங்க" என்று அக்கா ஒருமுறை சொன்னார். பின்னர் நிரந்தரப் பணியிடங்கள் கூட்டப்பட்டன. அக்காவுக்கும் கிடைத்தது.

கிடைத்த பிறகு நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. நீண்ட காலமாக வார இறுதியில் 24 மணி நேர ஆன்-கால் பணிக்கு 220 வெள்ளிதான் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 9 வெள்ளிச் சொச்சம். நான் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து மணிக்கு 20 வெள்ளி வாங்குகிறேன்! 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 55 முதல் 65 வெள்ளி வரை உயர்வு அறிவித்தார்கள். நல்லதுதான். தூக்கத்திற்கு அதில் ஒதுக்கீடு இல்லை. அரசாங்க மருத்துவமனையில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரம் காக்க வெச்சிட்டாங்க" என்று நாம் குறைபட்டுக்கொள்ளும்போது, உள்ளே இருப்பவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

சேவை மனப்பான்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊதியம், ஓய்வு, பாதுகாப்பு என்று ஒரு மருத்துவரோ தாதியரோ வாயைத் திறந்தால், உடனே அந்தச் சொல்லை எடுத்து அவர் வாயை அடைப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஆசிரியரிடமும் இதையே செய்கிறோம். வங்கி அதிகாரியிடம் செய்வதில்லை.

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்த கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிக்குத் தொண்டூழியனாகப் போயிருந்தேன். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் முகவர்கள் வண்ணக் கையேடுகளோடு வந்திருந்தார்கள். "படிச்சு முடிச்சா கவர்மெண்ட் வேலை நிச்சயம்தானேங்க?" என்று ஓர் அம்மா கேட்டார். "கண்டிப்பாம்மா" என்றார் முகவர், கண் இமைக்காமல். கையேட்டை அடுக்கிக்கொண்டிருந்த நானும் பேசாமல்தான் இருந்தேன்.

நம் கழகமும் ஆண்டுதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இத்தகைய நிகழ்ச்சி நடத்துகிறது. எத்தனை 'ஏ' வேண்டும், எந்தக் கல்லூரி நல்லது என்று பேச ஆட்கள் இருக்கிறார்கள். பணியில் இருக்கும் ஒரு மருத்துவரையும் ஒரு தாதியையும் மேடையேற்றி, அவர்களின் ஒரு வார வேலை அட்டவணையை அப்படியே வாசிக்கச் சொல்லலாம். அதைக் கேட்ட பிறகும் மருத்துவராக விரும்பும் மாணவர் தாராளமாகப் போகட்டும்.

இவ்வாண்டு நிகழ்ச்சிக்கு அக்காவை அழைத்தேன். அன்று ஆன்-கால் என்றார். அடுத்த வாரம் என்றால் வருகிறாராம். செயலவையினர் தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா?