இளந்தாய்மாருக்கு வரும் பக்கவாதம்

பக்கவாதம் என்றதும் அறுபதைக் கடந்த ஒருவரையும், அவருடைய ரத்த அழுத்தத்தையும், சர்க்கரையையும், புகைப் பழக்கத்தையும் நினைத்துக்கொள்வது நமக்குச் சகஜமாகிவிட்டது. அந்த நினைப்பில் பிழையில்லை. ஆயினும், பிள்ளை பெற்று இரண்டு வாரங்கூட ஆகாத இருபது வயதுப் பெண்ணையும் அவ்வியாதி கிடையில் தள்ளக்கூடும் என்பதையும், அதற்கு ஏதுவானவற்றுள் சில நம் வீட்டு வழக்கங்களிலேயே இருக்கின்றன என்பதையும் படித்த குடும்பங்கள்கூட அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபடுவதே நாம் பெரும்பாலும் காணும் பக்கவாதம். ரத்தத்தை மூளையிலிருந்து வடிக்கும் சிரைகளில் அது உறைந்து நின்றுவிடுவது மற்றொரு வகை. அப்போது வடிய வழியின்றி ரத்தம் தேங்க, மூளை வீங்கி, தலைவலியும் வாந்தியும் வலிப்பும் கைகால் விளங்காமையும் தொடர்ந்து வரும். பிரசவத்தின் உதிரப்போக்கை மட்டுப்படுத்தும்பொருட்டுக் கர்ப்பிணியின் ரத்தத்துக்கு உறையும் தன்மையை இயற்கை மிகுத்துக் கொடுத்திருக்கிறது. பிரசவமான பின்பும் சுமார் 6 வாரம் அது நீடிக்கிறது. அந்தச் சமயம் பார்த்துத்தான், பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி, பாலூட்டித் தாகமெடுத்துக் கேட்கிறவளுக்கு ஒரு மடக்கு வெந்நீரோடு நிறுத்திவிடுகிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். பத்தியத்தில் நல்லதும் உண்டு. இது அதில் சேர்ந்ததன்று. உடலில் நீர் குறையக் குறைய ரத்தம் தடிக்கிறது. இத்தகைய தாய்மாரைப் பற்றி மதுரை மருத்துவர்கள் 1980களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு ரத்தசோகையும் இவ்வாறு ரத்தம் உறைவதற்கு ஒரு காரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருக்கிறது.

நாட்கணக்கில் விடாத தலைவலியைத் தூக்கமில்லாத குறையென்றும், வலிப்பை ஜன்னியென்றும், அதற்கும் மேலே போய்க் காற்றுக் கருப்பென்றும் சொல்லிக் காலத்தைக் கடத்துவதுதான் பெரிய விபரீதம். ஏனெனில், ஸ்கேனில் கண்டறிந்து, உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் முதலிய மருந்துகளைக் காலத்தில் தொடங்கினால் பெரும்பாலோர் நன்றாகவே தேறிவிடுகிறார்கள்.

கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போடவென்று பெண்கள் விழுங்கும் ஹார்மோன் மாத்திரையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மருந்துக்கடையில் சீட்டின்றி, பல ஊர்களில் தலைவலி மாத்திரையைப்போல, அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் ரத்தத்தை உறையச் செய்யக்கூடும். அதை உட்கொண்டோர் எல்லாருக்கும் தீங்கு வருவதில்லை என்பது மெய்யே. ஆனால் முன்பு ரத்தம் உறைந்தவர், குடும்பத்தில் அக்கோளாறு உள்ளவர், கண்முன் மின்னல் கோடுகள் தோன்றிப் பிறகு ஒற்றைத் தலைவலி வரப்பெறுகிறவர் ஆகியோர் ஒரு டாக்டரின் விசாரணையின்றி ஹார்மோன் மாத்திரை எதையும் தொடலாகாது. அந்த விசாரணையைக் கடைக்காரரிடம் விட்டுவைத்திருப்பது சற்றும் நியாயமன்று. சீட்டில்லாமல் விற்பதை அதிகாரிகள் உண்மையாகவே தடுக்க வேண்டும்.

பிரசவித்த வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர், குழந்தையின் எடையைக் கேட்பதோடு, தாய் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், தலைவலி உண்டா என்ற இரண்டையும், தாயிடம் மட்டுமன்றி மாமியாரிடமும் கேட்கும்படி சுகாதாரத் துறை உத்தரவிடலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறார்களே, அதன் மூடியில் இவ்விஷயத்தை நான்கு வரியில் அச்சிடுவதற்குப் பிரமாதமான செலவு ஒன்றும் ஆகிவிடாது.