பத்தியம் ஒருவருக்கு மட்டும்தானா?





சர்க்கரை நோயாளி இல்லாத வீடுகள் எமது மஹல்லாவில் எத்தனை என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். நாடெங்கும் இதே நிலைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர். கடந்த ஐந்து ஆண்டுகளாக நாமும் அந்தக் கணக்கில் ஒருவராக இருக்கிறோம். எனவே, மருத்துவம் கற்றவராக அன்றி, மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒரு நோயாளியாகவே இதனை எழுதுகிறோம்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதில் எது மிகக் கடினம் என்று கேட்டால், நாவை அடக்குவதுதான் என்று பலரும் கூறுவர். எமது அனுபவம் வேறு. ரமளானில் பகல் முழுவதும் தண்ணீரையே விலக்கி வைக்கத் தெரிந்த ஒருவருக்கு, ஒரு துண்டு ஹல்வாவை விலக்குவது இயலாத காரியமன்று. ஆயினும் நோன்பில் வெல்லும் நாம் வலீமா விருந்தில் தோற்றுவிடுகிறோம். ஏன்? நோன்பின்போது வீடும் தெருவும் ஊரும் நம்மோடு சேர்ந்து பசித்திருக்கின்றன. வலீமாவில் பசியடக்கி அமர்ந்திருப்பவர் நாம் ஒருவர் மட்டுமே. இந்நோயில் ஆகக் கடினமானது இந்தத் தனிமைதான் என்பது எமது கருத்து.

அன்பின் பெயரால்

சஹனில் கூடி உண்ணும் வழக்கமுள்ள ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு இது நன்கு புரியும். ஒரே தட்டைச் சுற்றி மூவர் அமர்ந்திருக்க, நெய்ச்சோறு மலைபோல் வந்து நிற்கிறது. நாம் நான்கு கவளத்தோடு கையை எடுத்தால், உடன் அமர்ந்தவர்களும் கூச்சத்துடன் கையை எடுக்கின்றனர். பரிமாறுபவர் ஓடி வந்து, "என்ன ஹஜ்ரத், சாப்பாடு சரியில்லையா?" என்று வருந்துகிறார். சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால், "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது, மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. அதைச் சொல்பவர் நம் மீது அன்புடையவர். அதனால்தான் மறுப்பது இத்தனை கடினமாகிறது.

அந்த 'ஒரு நாள்' எத்தனை முறை வருகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தோம். நிக்காஹ், வலீமா, அகீகா, புதுமனை புகுதல், உம்ராவுக்குச் செல்பவரின் வீட்டு விருந்து, பள்ளியில் பகிரப்பட்ட நார்சா என எட்டு நாட்கள் வந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொணர்ந்த இனிப்புகள் அக்கணக்கில் சேரவில்லை. விருந்துண்டவர் மறந்துவிடலாம், இரத்தம் மறப்பதில்லை. ஹெச்பிஏ1சி எனப்படும் பரிசோதனை, கடந்த மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டிவிடுகிறது. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் மட்டும் பத்தியம் காத்து மருத்துவரை மகிழ்விக்கும் நம் தந்திரம் அதனிடம் பலிப்பதில்லை.

வீட்டுப் பெண்களின் நிலை இதனினும் கடினம். தந்தைக்குச் சர்க்கரை என்றால் அவருக்கெனத் தனியே கோதுமைத் தோசை சுடப்படுகிறது. தாய்க்குச் சர்க்கரை என்றால் அவருக்கெனச் சுடுவது யார்? அனைவருக்கும் பரிமாறி, நேரம் தவறி, இறுதியில் அமர்ந்து, சட்டியில் எஞ்சியதையும் பிள்ளைகளின் தட்டில் எஞ்சியதையும் அவர் உண்கிறார். உணவை வீணாக்குதல் பாவம் என்று அவருக்குக் கற்பித்தவர்கள் நாம்தாம். கற்பித்தது சரியே. ஆனால் வீண்விரயத்தைத் தடுக்கும் வழி அளவாகச் சமைப்பதும் அளவாகப் பரிமாறுவதுமே. எஞ்சியதையெல்லாம் கொட்டிவைக்கும் பாத்திரமாக ஒரு தாயின் வயிற்றை ஆக்கிவிட மார்க்கம் எங்கும் சொல்லவில்லை.

நாம் செய்த தவறு

இவ்விடத்தில் எமது பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எமக்கு இந்நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ரமளானுக்கு முந்தைய வாரம் எம்மிடம் வந்தார். "மருத்துவர் நோன்பு வேண்டாம் என்கிறார், என்ன செய்வது ஹஜ்ரத்?" என்று கேட்டார். அவருடைய நோயின் நிலை என்ன, மருத்துவர் ஏன் தடுத்தார் என்று நாம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "நிய்யத் வையுங்கள் வாப்பா, அல்லாஹ் இலேசாக்குவான்" என்று சொல்லி அனுப்பினோம். அவர் மகிழ்ச்சியோடு சென்றார். நான்காம் நோன்பன்று அஸர் தொழுகையின் ஸஃப்பிலேயே வியர்த்துச் சரிந்தார். எவர் பெயரைச் சொல்லி அழைத்தும் அவருக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிய பின்னரே கண் விழித்தார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். எம்மை அவர் ஒருபோதும் குறை கூறவில்லை. அதுவே எமக்குப் பெரும் பாரமாயிற்று.

அன்றிரவு எமக்கு நினைவில் வந்தது, ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் இடம்பெறும் நிகழ்ச்சி. பயணத்தில் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாகிறது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்கின்றனர். அவர் குளிக்கிறார், இறந்துவிடுகிறார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவருடைய மரணத்துக்கு அந்தத் தோழர்களையே பொறுப்பாக்கிக் கடிந்தார்கள். அறியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்று வினவினார்கள். இந்நிகழ்ச்சியைப் பலமுறை மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறோம். அது எம்மைப் பற்றியது என்பது அந்த அஸருக்குப் பின்னரே விளங்கியது.

சலுகையும் இறைவனின் சட்டமே

அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோன்பைக் கடமையாக்கும் இடத்திலேயே நோயாளிக்குரிய சலுகையையும் சேர்த்துக் கூறுகின்றன. எனினும் அச்சலுகையை ஏற்பதை ஈமானின் குறைவாக நம்மில் பலர் கருதுகின்றனர். இதன் விளைவு சிறிதன்று. 2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நீரிழிவாளர்களிடம் நடத்தப்பெற்ற எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உடையோரில் 79 விழுக்காட்டினர் குறைந்தது பதினைந்து நாட்களேனும் நோன்பு நோற்றிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்க நேரும் அளவிலான சர்க்கரைத் தாழ்வு, ரமளானில் அவர்களிடையே மற்ற மாதங்களைவிட ஏறத்தாழ ஏழரை மடங்கு மிகுந்திருந்தது.

சர்க்கரை உள்ள எவரும் நோன்பு நோற்கலாகாது என்று நாம் சொல்ல வரவில்லை. உணவாலும் எளிய மாத்திரைகளாலும் கட்டுக்குள் இருப்போர் பலர் மருத்துவரின் வழிகாட்டலோடு பாதுகாப்பாக நோற்கின்றனர். நாமும் நோற்கிறோம். ஆனால் அதற்கான ஆலோசனையை ரமளான் பிறைக்கு முந்தைய இரவில் கேட்பது பயனற்றது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பு, அதாவது ரஜப் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும்.

நோன்பு நேரத்தில் சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ நெறி. மஃக்ரிபுக்கு அரைமணி நேரமே இருந்தாலும் இதுவே விதி. நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தாழ்வின் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, பதினைந்து நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சி, பலர் சோதிப்பதையே விட்டுவிடுகின்றனர். பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், ஊட்டம் தராத ஊசிகளும் நோன்பை முறிக்கா என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடித் தீர்மானித்திருக்கிறது. விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்வதா, இனி நோற்கவே இயலாத நிலையில் ஃபித்யா கொடுப்பதா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்போது மருத்துவர் சொன்னதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எமக்கு உதவியவை

முதலாவது உதவி எமது துணைவியாரிடமிருந்து வந்தது. எமக்கெனத் தனிச் சமையல் செய்வதை ஒரு நாள் அவர் நிறுத்திவிட்டார். "இனி எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான்" என்றார். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால்பங்கு மீனோ பருப்போ, எஞ்சிய கால்பங்கு மட்டும் சோறு. காயையும் மீனையும் முதலில் உண்டு சோற்றை இறுதியில் உண்டால், உணவுக்குப் பின் சர்க்கரை வேகமாக ஏறுவது குறைகிறது. பிள்ளைகள் இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பெற்றோருக்குச் சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், எமக்குப் பத்தியமாக இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பாகவும் அமைகிறது.

இரண்டாவது, நடை. இரவு உணவை மஃக்ரிபுக்குப் பின் முடித்துக்கொண்டு, இஷாவுக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தே செல்கிறோம். பைக் சாவி வீட்டில் தொங்குகிறது. உண்டபின் பதினைந்து நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு என்பதை எமது சோதனைக் கருவியிலேயே கண்டோம்.

மூன்றாவது, உளூ. நீரிழிவில் பாதங்கள் மரத்துப்போகும். முள் தைத்தாலும் தெரியாது. கவனியாத சிறு புண் காலையே பறித்துவிடக்கூடும். நாளுக்கு ஐந்து முறை பாதங்களைக் கழுவும் நமக்கு, அவற்றைப் பார்ப்பதற்கும் ஐந்து வாய்ப்புகள் இருக்கின்றன. கால் விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுதல் சுன்னத். அவ்வாறு கோதும்போதே வெடிப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று நோக்கி, பின்னர் ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் பள்ளிவாசல் முற்றத்தின் சுடுதரையில் மரத்த கால்களோடு வெறுங்காலாய் நடப்பது ஆபத்து.

நான்காவது, மருந்தைக் குறித்த தெளிவு. தேனும் பேரீச்சையும் கருஞ்சீரகமும் சுன்னத்தில் சிறப்பிக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. அதைக் காரணமாக்கி மாத்திரையை நிறுத்தியவர்கள் கண்ணையும் சிறுநீரகத்தையும் இழந்ததை நாம் கண்டிருக்கிறோம். தேனும் கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையாகவே சேர்கின்றன. நோன்பு துறக்க ஒரு பேரீச்சை போதும். தண்ணீரால் துறப்பதும் நபிவழியே. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது தவக்குல் வைப்பதே அவர்கள் கற்றுத் தந்த முறை. மருந்து வாங்க வசதியற்றோர் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களை அணுகலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

தொழுகையையே கூட்டாக நிறைவேற்றப் பழக்கப்பட்ட சமுதாயம் நாம். ஒரு ஜனாஸா என்றால் ஊரே தோள் கொடுக்கிறது. உயிரோடிருக்கும் நோயாளியின் பத்தியத்துக்கு மட்டும் ஏன் தோள் கொடுப்பதில்லை? ரஜப் மாதத்தில் பள்ளிவாசலில் ஒரு நாள் சர்க்கரைப் பரிசோதனையும் மருத்துவர் ஆலோசனையும் ஏற்பாடு செய்யுங்கள். உடன் ஓர் ஆலிமும் அமரட்டும். விருந்துகளில் சர்க்கரை சேர்க்காத தேநீரையும் ஒரு காய்கறிக் கூட்டையும் கேளாமலே வையுங்கள். சஹனில் ஒருவர் கையை எடுத்தால், காரணம் கேளாமல் விட்டுவிடுங்கள். அவர் உங்கள் விருந்தை அவமதிக்கவில்லை. இறைவன் தந்த அமானிதமான உடலைப் பேணுகிறார்.

அந்த முதியவர் இப்போது நோன்பு நோற்பதில்லை. ஒவ்வொரு ரமளானிலும் தம் ஃபித்யாவைத் தாமே எடுத்துக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக்குச் செல்கிறார். தலை குனிந்து அல்ல, மகிழ்ச்சியோடு செல்கிறார். அவரைக் காணும்போதெல்லாம், சலுகையும் ஓர் இபாதத்தாக முடியும் என்பதை எமக்கு அவர் கற்பிக்கிறார்.

வல்ல ரஹ்மான் நோயுற்ற நம் அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்களுடன் வாழ்வோருக்குப் பொறுமையையும், கேட்டு வருவோருக்கு நிதானித்துப் பதில் சொல்லும் தெளிவை எம்போன்ற ஓதிக்கொடுப்போருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.