சோற்றை நிறுத்தினால் போதுமா?

"சோறு, இட்லி எல்லாத்தையும் நிறுத்திட்டேன் சார். ஒரே வாரத்துல மூணு கிலோ போச்சு!" என்கிறார் ஒருவர். "நானும் அதையேதான் செய்யறேன். மூணு மாசமாச்சு, முள் அசையலையே!" என்று புலம்புகிறார் பக்கத்து சீட்டுக்காரர். மின்சார ரயிலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

இருவர் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மாவுச்சத்தைக் குறைத்ததும் உடம்பில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து செலவாகிறது. அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரம் குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான்! கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ இளைத்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை! இரண்டு கோஷ்டியிலும் 25 கிலோவுக்கு மேல் இளைத்தவர்களும் உண்டு. எடை கூடியவர்களும் உண்டு.

ஆகவே, இளைக்காதவரைப் பார்த்து, "திருட்டுத்தனமா தின்னீங்களா?" என்று கேலி பேசுவது நியாயமல்ல. ஒருவருக்குப் பலித்தது எல்லோருக்கும் பலித்துவிடாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை! சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து! அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தப்பு.

பக்கத்து சீட்டுக்காரர் பேச்சைக் கேளுங்கள், தப்பில்லை. தட்டை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள்!