யாழ்தேவியின் கன்ரீனை யாருக்குக் கொடுப்பது?

நெடுந்தீவிலிருந்து ஒரு வயோதிபர் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வையுங்கள். விடியப்புறம் எழும்பி, குமுதினியிலோ வேறு படகிலோ ஒரு மணித்தியாலம் அலையில் ஆடி, எங்கள் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இறங்குகிறார். அங்கிருந்து பஸ். புங்குடுதீவைக் கடந்து, வாணர் பாலத்தில் ஏறி, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் என்று யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த பிறகுதான் கோச்சி. அதில் கொழும்புக் கோட்டைக்கு ஆறு, ஏழு மணித்தியாலம். சில நாட்களில் அதற்கும் மேலே. மனிதருக்குச் சீனி வருத்தம். குளிசை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும்.

அவர் கன்ரீன் பெட்டிக்குத் தட்டுத்தடுமாறிப் போய்ப் பார்த்தால் ரோல்ஸ், மாலு பணிஸ், பிஸ்கட், சோடா, முன்கூட்டியே சீனி போட்டுக் கலக்கிய பால் தேத்தண்ணி. ரோல்ஸ் எப்போது பொரித்தது என்று கேட்டால் பதில் வராது. வெள்ளிக்கிழமை சைவக்காரர் என்றால், அந்த வடை எந்த எண்ணெயில் வெந்தது என்பதும் தெரியாது. கடைசியில் அவர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றோடு தன் இருக்கைக்குத் திரும்புவார். இது எல்லா வண்டியிலும் எல்லா நாளும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வடக்குப் பாதையில் அடிக்கடி போய்வருகிற எவரும் இதை மறுக்கமாட்டார்கள்.

எனக்கு இதில் பேச ஓர் உரித்து இருக்கிறது. நான் சாப்பாட்டுக்கடையில் வளர்ந்தவன். புங்குடுதீவாரின் தொழில் என்ன என்று கொழும்பில் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்லுவார்கள். புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து 1974இல், மீசை அரும்பும் முன்பே, மருதானையில் இருந்த பெரியப்பாவின் சைவக்கடைக்குப் போனேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் புகையிரதக்காரர்கள். சாரதிமார், காட்மார், வேலைத்தளத்து ஆட்கள். விடியற்காலை என் வேலை, யாழ்தேவியில் ஊருக்குப் போகிறவர்களுக்குப் பார்சல் கட்டுவது. முதல் நாள் பார்சலுக்குள் நான் சம்பலை அள்ளி வைக்கப்போக, பெரியப்பா கையைப் பிடித்தார். "தம்பி, கோச்சிக்குப் போற பார்சலுக்குள்ளை தேங்காய்ப்பூச் சம்பல் வைக்கக்கூடாது. மதவாச்சி தாண்ட முதல் புளிச்சுப் போகும்." செத்தல் மிளகாயை வறுத்து இடித்த சம்பல்தான் வைக்க வேண்டும். சொதி கூடவே கூடாது. உருளைக்கிழங்கு என்றால் தண்ணி வற்றின பிரட்டல். புட்டை ஆவி அடங்கவிட்டு வாழையிலையில் கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெட்டுப்போகும். அந்தக் கடையை 1983 ஆடியில் எரித்தார்கள். கற்றது மட்டும் என்னோடு ஊருக்கு வந்தது.

பெரியப்பா நல்லவர்தான். ஆனால் எங்கள் சாப்பாடு நல்லாயிருந்ததற்கு அவர் நல்லவர் என்பது மட்டும் காரணம் இல்லை. பக்கத்தில் இன்னொரு கடை இருந்தது. எங்கள் சாம்பாறு ஒரு நாள் அலுத்துப்போனால் மறுநாள் காலை ஆள் அங்கே இருப்பான். அந்தப் பயத்தில்தான் பழைய எண்ணெயை வெளியே ஊற்றினோம், விடிய நாலரைக்கு உழுந்து அரைத்தோம். ஓடுகிற வண்டிக்குள் பக்கத்துக் கடை இல்லை. பயணி எழும்பிப் போக வழி இல்லை. கன்ரீன்காரரைக் குறைசொல்லி எழுதுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. அந்த இடத்தில் யாரைக் கொண்டுபோய் வைத்தாலும், எதிரே இன்னொரு அடுப்பு இல்லாவிட்டால், நாளடைவில் கை தளரும். ஆகவே பக்கத்துக் கடை செய்கிற வேலையை ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

ஒப்பந்தம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய கதை உண்டு. கிரேற் வெஸ்ரேண் புகையிரதக் கம்பனி 1841இல் சுவிண்டன் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையை, கட்டடம் கட்டிய ஒப்பந்தக்காரருக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. வருட வாடகை ஒரு பென்னி. அதோடு, எல்லாப் பயணிகள் வண்டியும் அங்கே பத்து நிமிடம் நிற்கும் என்றும் எழுதிக் கொடுத்தது. கட்டியவர்கள் உடனேயே அதை இன்னொருவருக்குப் பெரிய தொகைக்குக் கீழ்க்குத்தகை விட்டார்கள். சமைக்கிறவன் அந்தத் தொகையைப் பயணியிடமிருந்துதானே எடுக்க வேண்டும்? சுவிண்டன் கோப்பி நாடறிந்த கெட்ட பெயர் எடுத்தது. அந்தப் பாதையைக் கட்டிய பொறியியலாளர் புரூனலே அதைப் பற்றிக் கோபமாகக் கடிதம் எழுதினார். கம்பனி அந்தக் குத்தகையிலிருந்து தப்ப 1895இல் ஒரு இலட்சம் பவுண் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்திலேயே அமெரிக்காவில் பிரெட் ஹார்வி என்பவர் வேறு விதமாகச் செய்தார். 1876இல் சாண்டா பே புகையிரதப் பாதையில் தொடங்கிய அவருடைய உணவுச்சாலைகள் நல்ல சாப்பாட்டுக்குப் பேர்போனவை. சாமான்களை அவருக்குக் கம்பனியே தன் வண்டியில் ஏற்றி இறக்கியது. மற்றப் பாதைகளில் போகக்கூடிய பயணி, சாப்பாட்டுக்காக இந்தப் பாதைக்கு வருவான் என்பது கம்பனியின் கணக்கு. சாப்பாடு நல்லாயிருந்தால் ஹார்விக்கும் லாபம், கம்பனிக்கும் லாபம். சுவிண்டனில் சாப்பாடு எப்படி இருந்தாலும் குத்தகைக்காரருக்கு லாபம்.

இனி எங்கள் நாட்டுக்கு வருகிறேன். வண்டிக் கன்ரீனை அதிக வாடகை தருபவருக்குக் கொடுப்பது என்று வைத்தால் கணக்கு எப்படிப் போகும்? ஓர் எடுத்துக்காட்டுக்கு, மாதம் மூன்று இலட்சம் ரூபா வாடகை என்று வைப்போம். ஒரு நாளுக்குப் பத்தாயிரம். நானூறு பேர் வந்து ஏதோ ஒன்றை வாங்கினாலும், அடுப்பு மூட்ட முதலே ஒவ்வொருவர் தலையிலும் இருபத்தைந்து ரூபா ஏறிவிட்டது. அதற்குப் பிறகுதான் மா, எண்ணெய், தேயிலை, கூலி, கழிவு, லாபம். கடைக்காரன் எங்கே குறைப்பான்? எண்ணெயில் குறைப்பான். நேற்று மிஞ்சினதை இன்றைக்கு வைப்பான். அவன் கெட்டவன் என்பதால் இல்லை, அந்தக் கணக்கு அவனை அங்கேதான் கொண்டுபோய் விடும். திறைசேரிக்கு வருகிற அந்த வாடகை உண்மையில் பயணியின் வயிற்றிலிருந்து அறவிடும் வரி.

இரவுச் சொகுசு பஸ்காரரும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். எந்தக் கடையில் நிறுத்துவது என்பது சாரதிக்கும் கடைக்காரருக்கும் இடையிலான விசயம். இரவு பதினொரு மணிக்கு, காட்டு வழியில், அந்தக் கடையை விட்டால் நமக்கு வேறு இல்லை.

என் யோசனை இதுதான். வண்டிக்குள் சமைப்பதைக் குறையுங்கள். ஆடுகிற பெட்டிக்குள், ஒடுக்கமான அடுப்பில், தண்ணீர்த் தொட்டியை நம்பி, ஏழு மணித்தியாலத்துக்குச் சமைப்பது எந்தக் கைகாரனுக்கும் கஷ்டம். வெளியே சமைத்து, நிலையங்களில் ஏற்றுங்கள். சமைத்த சாப்பாட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது, வைப்பதென்றால் 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிற விதி. எங்கள் பாதை அதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏற்றினால் வவுனியாவுக்குள் சாப்பிட்டு முடிக்கலாம். அநுராதபுரத்தில் அடுத்த சமையல் ஏறலாம். அங்கே ஒரு சிங்களப் பெண் சமைத்த இலைக்கஞ்சியும் கிரிபத்தும் ஏறட்டும், அதையும் ஆசையோடு சாப்பிடுவோம். நயினாதீவு நாகவிகாரைக்கும் நாகபூசணி அம்மனுக்கும் எங்கள் தீவின் வழியாகத்தான் தென்னிலங்கைச் சனம் போகிறது. அவர்கள் வடக்கே வரும்போது முதல் வாய் யாழ்ப்பாணச் சாப்பாடாக இருந்தால் அவர்களுக்கும் சந்தோசம், எங்களுக்கும் வருமானம்.

இதற்கு ஆட்கள் எங்கே என்று கேட்க வேண்டாம். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் "அம்மாச்சி" உணவகங்களைப் போய்ப் பாருங்கள். திருநெல்வேலியில் மத்தியானம் இடம்பிடிக்க நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். பெண்கள் கண்முன்னே தோசை வார்க்கிறார்கள், அப்பம் சுடுகிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே பல அடுப்புகள். இவரின் தோசை பிடிக்காவிட்டால் அடுத்தவரின் இடியப்பம். நான் சொன்ன பக்கத்துக் கடை அங்கே தானாகவே இருக்கிறது. அப்படி ஒன்றை யாழ்ப்பாண நிலையத்தின் மேடையோடு சேர்த்து வைத்து, அங்கே கட்டும் பார்சலை வண்டிக்குள் கொண்டுபோய் விற்க ஆள் வைத்தால் போதும். புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும், வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் கொண்டுபோகிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் குடும்பத்துக்கு ஒரே உழைப்பாளி. அவர்களின் கைச்சுத்தத்தை நான் என் பெரியப்பாவின் கடைக்கு மேலாகவே வைப்பேன்.

ஜப்பானில் ஒவ்வொரு பெரிய நிலையமும் தன் ஊருக்கே உரிய சாப்பாட்டைப் பெட்டியில் கட்டி விற்கிறது. பயணிகள் அந்தச் சாப்பாட்டுக்காகவே குறிப்பிட்ட நிலையத்தை எதிர்பார்த்திருப்பார்கள். தமிழ்நாட்டில் மணப்பாறை முறுக்கு ஊர் ஊராகப் பேர் பெற்றதும் புகையிரத நிலையத்தால்தான். எங்களுக்குப் பருத்தித்துறை வடை இருக்கிறது, பயத்தம் பணியாரம் இருக்கிறது, புழுக்கொடியல் இருக்கிறது. மூன்றும் நாட்கணக்கில் கெடாதவை, வண்டிக்கென்றே செய்தவை மாதிரி. யாழ்தேவிக்குள் அவை கிடைக்காமல் உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற் தொங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏறி விற்கிற வடைக்காரர், கச்சான்காரர் விசயத்தையும் தீர்க்க வேண்டும். அனுமதி இல்லை என்று பிடிப்பதும் பிறகு கண்டுகொள்ளாமல் விடுவதுமாகக் காலம் போகிறது. மருத்துவச் சான்றிதழும் மூடிய பெட்டியும் உள்ளவருக்கு அனுமதி அட்டை கொடுங்கள். இறால் வடைக்காரர் ஒருவர் பெட்டிக்குள் ஏறினால் கன்ரீன்காரர் தன் வடையைப் புதிதாகப் பொரிப்பார். அது போதும்.

சோதிப்பது யார் என்ற கேள்வி மிச்சம். உணவுச் சட்டம் எங்களிடம் 1980ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, 26ஆம் இலக்கச் சட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களின் வேலை பிரிவு பிரிவாகப் பிரிந்தது; வண்டியோ ஒரு நாளில் பல பிரிவுகளைத் தாண்டி ஓடுகிறது. யாழ்ப்பாணத்திலும் கோட்டையிலும் வண்டி புறப்பட முதல் சோதனை நடக்க வேண்டும். சோதித்த திகதியும் முடிவும் கன்ரீன் கதவில் மூன்று மொழியிலும் ஒட்டப்பட வேண்டும். விலைப்பட்டியலும் அப்படியே. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் ஒவ்வொரு பெட்டியிலும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு கட்டாயம்.

இந்தியாவில் இந்தப் பிழைகள் எல்லாம் ஏற்கனவே நடந்து, எழுத்திலும் பதிவாகி இருக்கின்றன. அந்நாட்டின் தலைமைக் கணக்காய்வாளர் 2017இல் வெளியிட்ட அறிக்கைக்காக 74 நிலையங்களும் 80 வண்டிகளும் சோதிக்கப்பட்டன. மனிதர் உண்ணத் தகாத உணவு, கொடுக்கப்படாத பற்றுச்சீட்டு, இல்லாத விலைப்பட்டியல் என்று அதில் வந்தது. அங்கே 2014இலிருந்தே, போகிற வழியில் உள்ள நிலையத்தின் உணவகத்துக்குச் சொல்லி வைத்தால் சாப்பாடு இருக்கைக்கே வருகிற ஏற்பாடும் நடக்கிறது. ஓமந்தைக்கு அப்பால் எங்கள் தண்டவாளத்தைத் திரும்பப் போட்டது இந்திய நிறுவனமான இர்கொன். தண்டவாளத்தோடு இந்த அனுபவத்தையும் கேட்டு வாங்கியிருக்கலாம். இப்போதும் கேட்கலாம்.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது 1990இல் நின்றது. 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது நிலையத்தில் அழுதவர்களில் நானும் ஒருவன். வண்டி வந்ததே போதும் என்று அன்றைக்கு இருந்தோம். இன்றைக்கும் அப்படியே இருக்கச் சொன்னால் இருக்க முடியாது. ரிக்கற்றுக்குக் காசு கொடுத்து ஏறுகிற சனத்துக்குச் சூடான சாப்பாடு கேட்பது பேராசை இல்லை.

ஆகவே புகையிரதத் திணைக்களத்தை நான் கேட்பது: யாழ்தேவி ஒன்றில் மட்டும், ஒரு வருடத்துக்கு, வாடகை இல்லாமல் கன்ரீனைக் கொடுங்கள். கீழ்க்குத்தகை விட்டால் அன்றைக்கே ஒப்பந்தம் முடிய வேண்டும். குறைந்தது மூன்று பெண்கள் சங்கங்களின் சாப்பாடு ஏற வேண்டும். ஒரு சைவப் பார்சல், சீனி போடாத தேத்தண்ணி, ஆட்டாமாப் புட்டோ குரக்கன் புட்டோ எந்நாளும் இருக்க வேண்டும். விலையைப் பயணிகள் அறிய எழுதுங்கள். வருட முடிவில் எத்தனை பார்சல் விற்றது, எத்தனை முறைப்பாடு வந்தது என்ற கணக்கைப் பத்திரிகைகளுக்குக் கொடுங்கள். பார்சல் கட்டப் பழக்கிவிட ஆள் வேண்டுமென்றால் மடத்துவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் நான் வருகிறேன்.