சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? அவசரப்பட்டு அழிக்காதீர்கள்!

“அப்பா, லேப்டாப்ல சி டிரைவ் சிவப்பா மாறிடுச்சு. ஸ்கூல் புராஜெக்ட்டைக்கூட சேவ் பண்ண முடியல!”

விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு மாறிய பல வீடுகளில் கேட்கும் குரல் இது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டதால், கையில் இருக்கும் லேப்டாப்பிலேயே புது விண்டோஸுக்கு மாறியவர்கள் ஏராளம். புதிதாக எந்த சாஃப்ட்வேரும் போடவில்லை. பிறகு, இடம் எங்கே போனது?

சி டிரைவைத் திறந்து பாருங்கள். ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பழைய விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பல நேரங்களில் இது 20 ஜி.பி.க்கும் மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இது குப்பை அல்ல. புது விண்டோஸில் பிரின்டர் வேலை செய்யவில்லை, ஆபீஸ் சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்றால், பழையதற்கே திரும்பிப் போக உதவுவது இதுதான். அதற்கான அவகாசம் 10 நாள். அதன்பின் விண்டோஸே இந்த ஃபோல்டரை அழித்துவிடும்.

இங்கேதான் கவனம் தேவை. ஃபார்மேட் செய்யாமல், அதே டிரைவில் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால், உங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள்கூட இந்த ஃபோல்டருக்குள் ‘யூசர்ஸ்’ பகுதியில் இருக்கலாம். முதலில் அதைப் பார்த்து, தேவையானவற்றை பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ காப்பி எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா? 10 நாள் காத்திருக்காமல் நீங்களே அழிக்கலாம். செட்டிங்ஸ் - சிஸ்டம் - ஸ்டோரேஜ் - டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்பதை டிக் செய்து நீக்குங்கள். அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்பதும் இருக்கும். அதை டிக் செய்தால், நீங்கள் இறக்கி வைத்த மார்க்‌ஷீட்டும் மருத்துவ ரிப்போர்ட்டும் சேர்ந்தே போய்விடும். ஜாக்கிரதை!

‘டி டிரைவில் இடம் சும்மாதானே கிடக்கிறது, அதில் கொஞ்சம் எடுத்து சி-யோடு சேர்த்துவிடலாமே’ என்று தோன்றும். அது அத்தனை சுலபமில்லை. டிரைவ்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் மாதிரி. சி-யைப் பெரிதாக்க வேண்டுமென்றால், அதன் வலப்பக்கச் சுவரை ஒட்டிய இடம் காலியாக இருக்க வேண்டும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் கிடைப்பது டி-யின் மறுகோடியில். அதனால்தான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகத் தெரிகிறது. நடுவில் ‘ரிகவரி பார்ட்டிஷன்’ இருந்தாலும் இதே கதைதான். கோபத்தில் டி-யையோ ரிகவரி பார்ட்டிஷனையோ டெலிட் செய்துவிடாதீர்கள். டி போனால், அதில் உள்ள ஃபைல்களும் போச்சு. ரிகவரி போனால், விண்டோஸ் மக்கர் செய்யும்போது சரிசெய்யும் வழி போச்சு.

சுலபமான வழி ஒன்று உண்டு. ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ‘லொகேஷன்’ பகுதிக்குப் போங்கள். ‘மூவ்’ கொடுத்து, டி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். ‘வீடியோஸ்’ ஃபோல்டருக்கும் இப்படியே செய்யலாம். சுவரை இடிக்காமல் சாமானை மட்டும் பக்கத்து அறைக்கு மாற்றியாயிற்று.

இனி புராஜெக்ட் சேவ் ஆகும். பிறந்தநாள் படங்களும் பத்திரம்!