பதினோரு மணிக்கு நடந்தால் போதும்

புத்தாண்டுச் சபதங்களைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும், அவர் ஊட்டியில் ஒரு ஜனவரி மாதத்தைக் கழித்திருக்க மாட்டார் என்பது என் கட்சி. சென்னையில் இருக்கும் மாப்பிள்ளை, டிசம்பர் கடைசியிலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போட்டுவிட்டார். காலை ஐந்து மணிக்கு எழுவது, பச்சைத் தண்ணீரில் குளிப்பது, பத்தாயிரம் அடி நடப்பது, சர்க்கரையை அடியோடு விடுவது. ‘அத்தையும் சேர்ந்துகொள்ள வேண்டும்’ என்று கடைசியில் ஒரு வரி வேறு. இந்த ஊர்க் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்லி மாமியாருக்கே எழுதுகிற துணிச்சலை மெச்சினேன்.

2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும்; பிறகு உறைபனி. தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் விடியும்போது புல்வெளி உப்புப் பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் இறங்கித் தேங்குகிறது. அதனால்தான் மேட்டு வீடு தப்பிக்கும், பள்ளத்து வீட்டுக்காரர் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். சுற்றுலா வந்தவர்களுக்கு அது செல்ஃபி. எங்களுக்கு முட்டிவலி, நெஞ்சுச் சளி, கால் வைக்க முடியாத சிமெண்டுத் தரை.

ஆனால் இரவில் மேகம் இல்லாத நாளில் பகலிலும் பெரும்பாலும் மேகம் இருப்பதில்லை. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில் ஏறும். ஊரே அப்போதுதான் வெளியே வரும். படிக்கட்டில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பவர்கள், அவரைக்காயை முறத்தில் கொட்டி வைத்துக்கொண்டு கதை பேசுபவர்கள், கம்பளிக் குல்லாயைக் கழற்றாமலே பேப்பர் படிக்கும் பெரியவர்கள். ஒரு கையில் இஞ்சி டீ, இன்னொரு கையில் வர்க்கி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த வர்க்கியை டீயில் முக்கி, கரைந்து விழுவதற்குள் வாய்க்குள் சேர்ப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். இந்தச் சுகத்தைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். குளிர்காலத்தில் உடம்பு வெயிலைத் தேடுவதும், சீக்கிரம் படுக்கப் போவதும் ஒழுக்கக் கேடு அல்ல.

1848-ல் தொடங்கிய எங்கள் தாவரவியல் பூங்காவில் இந்த மாதத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். செடிகள் கருகாமல் இருக்க, கோத்தகிரி மலார் என்ற செடியைக் கொண்டு அவற்றை மூடுகிறார்கள். வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். பூவெல்லாம் மே மாதக் கண்காட்சிக்குத்தான். ஜனவரியில் ஏன் பூக்கவில்லை என்று செடியை யாரும் அதட்டுவதில்லை.

மனிதர்களிடம்தான் இந்த அதட்டல். அதுவும் காலம் முழுவதற்கும் சேர்த்து. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு புதுப் பழக்கம்; அது யோசிக்காமலே தானாக நடக்க எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் கேள்வி. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். நடுவாக எடுத்தால் 66 நாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன வேலை சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஜனவரி 1-லிருந்து 66 நாளை எண்ணினால் மார்ச் முதல் வாரம். எங்கள் ஊரில் பனி விடுகிற சமயம். ஆக ஒரு குளிர்காலத்துக்கு ஒரு பழக்கம் என்பதே பெரிய காரியம். நான்கைந்தை ஒரே நாளில் தூக்கி முதுகில் கட்டிக்கொள்வது வீம்பு.

எதிர்வீட்டு அக்கா மார்கழி முழுக்கத் திருப்பாவை பாடுவார். முப்பது பாசுரம், நாளுக்கு ஒன்று. குரல் கட்டினாலும் முணுமுணுத்தாவது முடிப்பார். தை பிறந்ததும் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். ஏன் தொடரவில்லை என்று அவரை ஒருவரும் கேட்பதில்லை. முடிகிற நாள் தெரிந்திருப்பதுதான் அந்த நோன்பின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மாதத்தில் கல்யாணப் பந்தி இல்லை, வெளியூர் அலைச்சல் குறைவு என்பதும் கூடுதல் வசதி. ஜனவரி 1 அந்த மார்கழியின் நடுவில்தான் வருகிறது. எதிர்வீட்டில் இருக்கும் வழியை விட்டுவிட்டு, டிசம்பர் 31 வரை முடிவே இல்லாத பட்டியலை நாம் எழுதுகிறோம்.

என் பட்டியல் சிறியது. காலை பதினோரு மணிக்கு வெயிலில் அரை மணி நேர நடை. வர்க்கி இரண்டுக்குப் பதில் ஒன்று. அடியோடு விடும் உத்தேசம் இல்லை. இரண்டுக்கும் கெடு மாசிக் கடைசி. மாப்பிள்ளைக்கும் இதையே எழுதினேன். ‘இது ரொம்ப ஈஸி அத்தை’ என்றார். அவ்வளவு ஈஸி என்றால் செய்யட்டுமே.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை மட்டும் எல்லாருக்கும் சொல்வேன். குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி மலையூர்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கணப்பு மூட்டி வாடகை வாங்கும் விடுதிக்காரர்கள், அறைக் கதவில் இதைத் தமிழிலும் இந்தியிலும் கொட்டை எழுத்தில் ஒட்ட வேண்டும். நகராட்சி அதைக் கட்டாயமாக்கினால் நல்லது. என் கீழ்ப் போர்ஷனில் ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். படுக்கப் போகுமுன் கரிச்சட்டி வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். குளிருமே ஆண்ட்டி என்றார்கள். ஆளுக்கு ஒரு கம்பளி கொடுத்திருக்கிறேன். மார்ச்சில் திருப்பி வாங்கிக்கொள்வேன், துவைத்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை.